கர்தினால் கதையின் மறுபாதி

கால் வீங்கியிருந்ததால் ஷூ ஏறவில்லை. அறிவுமதி அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளைக்கு மாட்டிவிடுவதுபோல் முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்த்தாள். குதிகால் அடம்பிடித்தது. எண்பது வயது தாண்டும்வரை எதற்கும் அடம்பிடிக்காத மனிதர், செத்த பிறகு ஆரம்பித்திருந்தார்.

“பின்னாடி கீறிட்டு மாட்டு மதி. அங்கி கால் வரைக்கும் இருக்குது, யாருக்குத் தெரியப்போவுது?” என்றான் பார்த்திபன். அவளுடைய அண்ணன். இரண்டு கையிலும் இரண்டு ஃபோன். விடிகாலையில் உயிர் போனதிலிருந்து அவன் ஓரிடத்தில் உட்காரவில்லை.

“சாக்ஸ் மட்டும் போட்டு அனுப்பிடலாமே சார்,” என்றாள் எழில். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள். ஆறு மாதமாக, டியூட்டி முடிந்து காலனிக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியை இங்கே நிறுத்தி, ஊசி போட்டு, முதுகுப் புண்ணைக் கழுவி, துணி மாற்றிவிட்டுப் போனவள்.

“சாக்ஸோடவா? கர்தினால் வூட்டுல ஷூவுக்குக்கூட வக்கில்லன்னு பேசுவானுங்க. நீ கீறும்மா.”

எழில் கட்டுத்துணி வெட்டும் கத்தரியை எடுத்து, ஷூவின் பின்பக்கத்தை மேலிருந்து கீழாக வெட்டினாள். மாட்டும்போது, வலிக்குமோ என்பதுபோல் குதிகாலை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். அறிவுமதி வெள்ளை அங்கியின் விளிம்பை இழுத்துவிட்டு மூடினாள்.

செத்துப்போன ஞானாதிக்கம் சாமி கர்தினால் இல்லை. ஆயர்கூட இல்லை. ஐம்பது வருடம் புழுதிக்காட்டுப் பங்குகளில் பூசை வைத்து, டிவிஎஸ் ஃபிஃப்டியில் சுற்றிச் சுற்றி முதுகெலும்பு தேய்ந்துபோன சாதாரணப் பாதிரியார். ஊர்தான் அவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்திருந்தது. அதற்குக் காரணம் அவருடைய அப்பா, அறிவுமதியின் தாத்தா சூசை.

சூசைத் தாத்தா காலத்தில் பங்குக்கு ஒரு பிரெஞ்சுச் சாமியார் இருந்தார். மார்வரை தாடி. அறுவடைக் களத்துக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, தன் நாட்டுக் கதை சொல்வார். அதில் ஒன்று தாத்தாவைப் பிடித்துக்கொண்டது. பிரான்சில் ஒரு பிரபு வீடு. மலைமேல் கோட்டை, லாயம் நிறையக் குதிரை, கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைத் தோட்டம். அந்த வீட்டுப் பிள்ளை வாளைக் கழற்றி வைத்துவிட்டு அங்கியை மாட்டிக்கொண்டான். படிப்படியாக ஏறி, போப்பாண்டவருக்கு அடுத்த படியான கர்தினால் ஆனான். சிவப்புத் தொப்பியோடு அவன் ஊருக்கு வந்து இறங்கியபோது, பெற்ற அப்பனே முழங்காலில் நின்று அவன் மோதிரத்தை முத்தமிட்டாராம்.

தாத்தா அப்போது நிமிர்ந்து பார்த்திருப்பார். களத்திலிருந்து பார்த்தால் ராஜகிரிக் கோட்டை தெரியும். மலையும் கோட்டையும் நமக்கும்தான் இருக்கிறது என்று தோன்றியிருக்கும். கோட்டை தன்னுடையதில்லை என்பதை அவர் ஒரு பெரிய குறையாக நினைத்திருக்க மாட்டார். இளையவனைப் பன்னிரண்டு வயதில் சாமியார் படிப்புக்குக் குருமடத்துக்கு அனுப்பினார். பண்ணையில் வேலை செய்த காலனிக்காரர் சவரிமுத்துதான் வண்டி கட்டித் திண்டிவனம் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டது. ரயில் கிளம்பியபோது சவரிமுத்து ஓவென்று அழுதாராம், தாத்தா அழவில்லை. பிரபுக்கள் அழமாட்டார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மகன் சாமியாராகி முதல் பூசை வைத்த அன்றே வீட்டில் எல்லாம் மாறிவிட்டது. பெற்றவளே ‘வாங்க சாமி’ என்றாள். அண்ணன் ‘டேய்’ போடுவதை நிறுத்தினார். அறிவுமதி பிறந்ததிலிருந்து அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டாள். சித்தப்பா என்ற சொல் வீட்டில் ஆளில்லாமல் கிடந்தது. தாத்தா மட்டும் சிவப்புத் தொப்பிக்குக் காத்திருந்தார். வருடா வருடம் மாற்றல் பட்டியல் வரும். சாமி இன்னும் சின்னதான ஒரு ஊருக்குப் போவார். சாகிற நேரத்தில் நெற்றியில் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுக்க வந்த மகனிடமே, “ரோம்லேர்ந்து தாக்கல் எதனா வந்துச்சா சாமி?” என்று கேட்டுவிட்டுத்தான் தாத்தா கண்ணை மூடினார். ஊர் சும்மா விடுமா? அன்றிலிருந்து அவர் கர்தினால்.

அந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். சிவப்புத் தொப்பியோடு முடிந்துவிடும். அதற்கு ஒரு மிச்சம் இருப்பது அறிவுமதிக்குப் போன செவ்வாய்க்கிழமை மத்தியானம்வரை தெரியாது.

அன்று அவள் சாமிக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். எழில் கட்டிலின் அந்தப் பக்கம் குளுக்கோஸ் பாட்டிலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்று கையைக் காட்டினார்.

“இன்னும் கொஞ்சம் குடிங்க சாமி.”

“சாமின்னு கூப்புடாத மதி. சித்தப்பான்னு ஒருதபா கூப்புடு.”

ஐம்பத்திரண்டு வயதில் அந்த வார்த்தை நாக்கில் புரளவில்லை. அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்தார்.

“அந்தக் கர்தினால் கதை இருக்குதே, அது நைனா சொன்ன மாதிரி முடியல. தாடிச் சாமி மிச்சத்தையும் சொன்னாரு. நான் பக்கத்துலதான் உக்காந்து இருந்தன். நைனா அதுக்குள்ள நெல்லு அளக்க எழுந்து போய்ட்டாரு.”

“இன்னா மிச்சம்?”

“கர்தினால் சாவறப்ப சொன்னாராம். என்ன எங்க வூட்டுக் கல்லறையில வைக்காதீங்க. எங்கப்பன் தோட்டத்துல கூலிக்குத் திராட்ச அறுத்தவங்கள பொதச்ச இடத்துல வையுங்க. இம்மாம் நாளா அவங்க தோள்மேல உக்காந்துனு இருந்தன், செத்தாவது எறங்கணும்னாராம்.” மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “என்னையும் செவுத்துக்கு அந்தாண்ட வச்சுடுங்க மதி. சவரி பக்கத்துல எடம் இருந்தா போதும்.”

எழில் பாட்டிலிலிருந்து கையை எடுத்தாள். சவரிமுத்து அவளுடைய தாத்தா.

செவுரு என்று அவர் சொன்னதற்கு விளக்கம் கேட்கிறவர்கள் அந்த ஊரில் இல்லை. மலையடிவாரத்தில் கல்லறைத் தோட்டம். நடுவே கல்லால் ஒரு சுவர். இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. கோயிலுக்குள் சேர்ந்து உட்கார ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. பூசையில் அப்பத்தையும் ஒரே வரிசையில் நின்று வாங்குகிறார்கள். செத்தால் மட்டும் இரண்டு வாசல். இடுப்புயரம் இருந்த சுவரைத் தலையுயரம் ஆக்கியது சூசைத் தாத்தா.

“நீ சொன்னாதான் நடக்கும்,” என்றார் சாமி. “பார்த்திபன்கிட்ட சொன்னா பூசி மெழுகிடுவான். செய்வியா?”

“சரி சித்தப்பா,” என்றாள் அறிவுமதி. அந்த நிமிஷம் அவள் மனதாரத்தான் சொன்னாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். குழாயடியில் நிற்கும்போதே பயம் வந்துவிட்டது.

பயத்துக்குப் பெயர் ஜெனிட்டா. அவளுடைய மகள். கணவர் சூசைராஜ் போன பிறகு ஒற்றை ஆளாக வளர்த்து, முப்பது வயதில் ஒரு வரன் கூடி வந்திருந்தது. அவலூர்பேட்டையில் உரக்கடை வைத்திருக்கிற குடும்பம். பையன் தங்கமானவன், அவனைச் சொல்லக்கூடாது. பூ வைக்க வந்த அன்று அவனுடைய அம்மா கோயிலைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மாட்டுக்கொட்டகையைக்கூட எட்டிப் பார்த்தார். காப்பி டம்ளரைக் கீழே வைக்கும்போது, ஏதோ தண்ணீர் வசதி விசாரிப்பதுபோலக் கேட்டார்: “உங்க ஊர்ல கல்லறை தனித்தனிதானே? எங்க சொந்தத்துல ஒரு ஊர்ல எல்லாத்தையும் கலந்துட்டாங்க. அந்த ஊருக்குப் பொண்ணு குடுக்கவும் யோசிக்கிறாங்க, எடுக்கவும் யோசிக்கிறாங்க.” “தனித்தனிதாங்க,” என்று அறிவுமதி உடனே சொன்னாள். வருகிற ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிக்க வேண்டும்.

ஷூ மாட்டி, பெட்டியில் கிடத்தியானதும், பத்து மணிக்குப் பங்குச் சாமியார் நெடுமாறன் வந்தார். சின்ன வயது, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பெட்டியருகே நின்று செபம் சொல்லி முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூடத்தில் இருபது பேர் இருப்பார்கள். வாசல் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் அவலூர்பேட்டைச் சம்பந்தியம்மா, கைக்குட்டையால் மூக்கை ஒற்றியபடி. எழில் பெட்டியின் தலைமாட்டில் பஞ்சை மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆயர் வெளியூர்ல இருக்கார். சாயங்காலப் பூசைக்கு வேற பெரிய சாமி வருவார்,” என்றார் நெடுமாறன். “ஒரு விஷயம் மட்டும் முடிவு பண்ணணும். அடக்கம் எங்கே?”

“இதுல முடிவு பண்ண இன்னா இருக்குது சாமி?” என்றான் பார்த்திபன். “எங்க தாத்தா பக்கத்துல குழி வெட்டச் சொல்லிட்டன்.”

“அதுக்கில்லை. பெரியவர் ஒருதடவை என்கிட்ட ஜாடையா ஏதோ சொன்னார். முழுசா சொல்லலை. அந்தச் சுவரைப் பத்தி.” அவர் குரலைத் தாழ்த்தவில்லை, வேண்டுமென்றேதான் எல்லோருக்கும் கேட்கப் பேசினார். “அவர் வாயால சொல்லியிருந்தார்னா, ஆயர்கிட்ட நான் பேசிக்கிறேன். இறந்தவர் விருப்பத்தை யாரும் தட்ட முடியாது. எத்தனையோ பேர் பேசிப் பேசி நடக்காதது இன்னைக்கு நடந்துடும்.” திரும்பி அறிவுமதியைப் பார்த்தார். “டீச்சர், நீங்கதானே கூட இருந்தீங்க. ஏதாவது சொன்னாரா?”

பார்த்திபன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினான். சம்பந்தியம்மா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். அறிவுமதி பெட்டியைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டாள். ஒரு வார்த்தை போதும். ‘சொன்னாரு’ என்றால் முடிந்தது. முப்பது வருடம் வகுப்பறையில் நின்று கத்திய தொண்டை.

“ஒண்ணும் சொல்லல சாமி,” என்றாள்.

அது தனியாக நிற்கப் பயந்ததுபோல் இருந்ததால், துணைக்கு இன்னொன்றையும் சேர்த்தாள். “கடைசி வாரம் பேச்சே இல்ல அவருக்கு. ஜாடதான்.”

நெடுமாறன் எழில் பக்கம் திரும்பினார். “சிஸ்டர், உங்ககிட்ட ஏதாவது?”

எழில் மடித்த பஞ்சைக் கீழே வைத்தாள். ஆறாம் வகுப்பில் அறிவுமதி இதே எழிலை, வீட்டுப்பாடம் செய்யாமல் செய்தேன் என்று சொன்னதற்காகப் பெஞ்சுமேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறாள். பொய் சொன்னால் நிமிர்ந்து நிற்க முடியாது என்று பாடமும் எடுத்திருக்கிறாள்.

“டீச்சர் சொல்றதுதான் சாமி,” என்றாள் எழில்.

“அப்ப சரி,” என்று நெடுமாறன் எழுந்துகொண்டார். பார்த்திபன் குழி வெட்டுகிறவனுக்கு ஃபோன் போட்டு ஆழம் சொன்னான். சம்பந்தியம்மா மூக்கை ஒற்ற ஆரம்பித்தார். யாரோ ஒருவர் காப்பி வந்துவிட்டதென்று சொன்னார். அறிவுமதிக்கு அப்படியே தரையோடு தரையாகப் போய்விட வேண்டும் போலிருந்தது. பெட்டிக்குள் கிடந்தவர் முகத்தில் மாற்றமில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. நாலு வசவு வைதிருந்தால் பரவாயில்லை.

பூசையில் குறை ஒன்றும் இல்லை. சாமியார்களுக்கு உள்ள முறைப்படி, தலை பீடத்தின் பக்கமும் கால் சனங்களின் பக்கமுமாகப் பெட்டியை வைத்தார்கள். உயிரோடு நின்று ஆசீர்வதிப்பதுபோல் அவர் எல்லோரையும் பார்த்தபடி கிடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் பெஞ்சில் உட்கார்ந்த அறிவுமதிக்குத் தெரிந்தது அங்கியும் இரண்டு ஷூ நுனியும்தான். பின்பக்கம் கீறியிருப்பது அவளையும் எழிலையும் பார்த்திபனையும் தவிர யாருக்கும் தெரியாது. வெளியூரிலிருந்து வந்த பெரிய சாமி பிரசங்கத்தில், இவர் தாழ்ச்சியின் கர்தினால் என்றார். சனங்கள் உச்சுக்கொட்டினார்கள். பார்த்திபன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் அழுகை பொய்யில்லை. அவனுக்குத்தான் ஒன்றுமே தெரியாதே என்று அறிவுமதிக்குப் பொறாமையாக இருந்தது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் கூட்டம் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. யாரும் யாரையும் தடுக்கவில்லை. ‘இந்தப் பக்கம் வாங்க’ என்று கூப்பிடவும் இல்லை. காலனிச் சனம் வழக்கம்போலத் தங்கள் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். சுவர் உயரம். எனவே அவர்கள் தங்கள் வீட்டுக் கல்லறைகளின்மேல் ஏறி நின்றார்கள். அப்பன் மேலும் ஆத்தாள் மேலும் நின்றபடி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எட்டிப் பார்த்தார்கள். சாமி புள்ளைகளுக்கு மந்திரித்த தண்ணீர் தெளித்தது, கல்யாணம் முடித்து வைத்தது, ராத்திரியில் பிரசவத்துக்கு வண்டி பிடித்துக் கொடுத்தது எல்லாம் சொல்லி ஒரு கிழவி அழுதாள். இந்தப் பக்கத்தில் அவ்வளவு சத்தமாக யாரும் அழவில்லை.

பெட்டி இறங்கியது. ஒவ்வொருவராக வந்து ஒரு பிடி மண் போட்டார்கள். அறிவுமதி முறை வந்தபோது, மண்ணை அள்ளிய கையோடு நிமிர்ந்தாள். நேரெதிரே, சுவருக்கு மேல், எழிலின் முகம். சவரிமுத்துவின் கல்லறைமேல்தான் நின்றிருக்க வேண்டும். குழிக்கும் அதற்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. அறிவுமதி மண்ணைப் போட்டுவிட்டுச் சட்டென்று விலகிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவள் வந்தபோது, எழில் உள்ளறையில் குளுக்கோஸ் ஸ்டாண்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இரவல் வாங்கி வந்தது; நாளைக்கு வேறொரு வீட்டுக்குப் போக வேண்டும். அறிவுமதி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

“எழில்.”

“சொல்லுங்க டீச்சர்.”

“எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. வாய் வரைக்கும் வந்துச்சு. ஜெனிட்டாவ நெனச்சன்...”

“விடுங்க டீச்சர்.” எழில் டியூபைச் சுருட்டிப் பையில் போட்டாள். “சாமிக்குத் தெரியும்.”

“இன்னா தெரியும்?”

எழில் தயங்கினாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு நீங்க கிண்ணம் கழுவப் போனீங்கல்ல, அப்ப சொன்னாரு. ‘மதி சரின்னுட்டா. ஆனா நாலு பேரு முன்னாடி அவளால முடியாது, பொண்ண வச்சுனு இருக்கா. நீ அவள மறுத்துப் பேசாத, மனசுலயும் வச்சுக்காத’ன்னாரு. என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. அதான் நான் வாயத் தொறக்கல.”

அறிவுமதி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“முடியாதுன்னு தெரிஞ்சா எதுக்கு எங்கிட்ட கேட்டாரு?”

“நானும் அதத்தான் கேட்டன் டீச்சர். ‘கேக்காம செத்துட்டா அவள நான் மதிக்கலன்னு ஆயிடும்’னாரு.”

எழில் எழுந்து, ஸ்டாண்டை ஒரு கையிலும் பையை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டாள். கதவைத் திறக்க அவளுக்குக் கை இல்லை. அறிவுமதிதான் திறந்துவிட்டாள்.

வெளியே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் கிளம்பத் தயாராக நின்றார்கள். சம்பந்தியம்மா அறிவுமதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “எவ்ளோ கவுரவமா அடக்கம் பண்ணிட்டீங்க. குடும்பம்னா இதான்னு எங்க வூட்டுக்காரர் சொல்லிச் சொல்லி மாளல. ஓலை வாசிக்கிறத தள்ளிப் போட வேணாம், கேட்டீங்களா? சாமி மேலேர்ந்து ஆசீர்வாதம் பண்ணுவாரு.”

“சரிங்க,” என்றாள் அறிவுமதி.

சாவு வீடு, யாரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் காரில் ஏறிக்கொண்டார்கள். தெரு குறுகல். ஒரு பக்கம் அடுக்கி வைத்த நாற்காலிகள், மறுபக்கம் பிரித்துப் போட்ட பந்தல் கம்புகள். எழில் ஸ்டாண்டை ஸ்கூட்டியின் முன்பக்கம் சாய்த்துக் கயிற்றால் கட்டி, அப்போதுதான் வண்டியைத் தெருவில் இறக்கியிருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தான். இன்னொரு முறை அடித்தான். காருக்குள்ளிருந்து சம்பந்தியம்மா கையை வெளியே நீட்டி, ஒதுங்கு ஒதுங்கு என்பதுபோல் விரல்களை ஆட்டினார்.

வாசற்படியில் நின்ற அறிவுமதி அதைப் பார்த்தாள். கொஞ்சம் பொறுங்க, அந்தப் பொண்ணு மொதல்ல போவட்டும் என்று சொல்ல அங்கிருந்து நாலடி நடந்தால் போதும்.

எழில் திரும்பிக்கூடப் பார்க்காமல், இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ஸ்கூட்டியைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிச் சாக்கடை ஓரம் வரை கொண்டுபோனாள். ஸ்டாண்ட் சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கார் போகட்டும் என்று நின்றாள்.